ஒரு கராம்புக்கு மேல போட்டால் களவு

தம்பிமார், தங்கச்சிமார், ஆயிரம் வருசத்துக்கு முந்தின சமையலைக் கூட்டாளிமாரோட சேர்ந்து எங்கட முத்தத்தில சமைக்கப் போறியளாம். நல்ல விசயம். அந்தக் காலத்து உடுப்பெல்லாம் தைச்சாச்சாம். அடுப்புக்கு விறகுதான் இன்னும் வரேல்லையாம். இந்தக் கிழவன் சொல்லுறதையும் ஒருக்காக் கேளுங்கோ.

முதல்ல சாமான் பையை அவிழுங்கோ. செத்தல் மிளகாய் வெளியில. பச்சை மிளகாயும் வெளியில. தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, மரமுந்திரிகை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போத்துக்கீசன் இந்தக் கடலுக்கு வந்த பிறகுதான் எங்கட சட்டியை எட்டிப் பாத்ததுகள். அவன் மன்னார்க் கோட்டையைக் கட்டினது 1560இல. என்ன, முகமெல்லாம் கறுக்குது? எடுத்த மிளகாயை என்னட்டத் தாங்கோ, பத்திரமா வைச்சிருப்பன். உங்களுக்கு மிளகு இருக்குத்தானே.

மிளகுக்குச் சாட்சி தூரத்தில இல்லை. மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் திருக்கேதீச்சரப் பக்கம் போனால் மாந்தை. சீனத்துக் கோப்பையும் பாரசீகத்துச் சாடியும் வந்திறங்கின துறை. 1980களில கிண்டினவை, சண்டையால விட்டிட்டுப் போச்சினம். 2009இலயும் 2010இலயும் திரும்பக் கிண்டி, கரிஞ்ச மணியளைப் பொறுக்கி எடுத்திச்சினம். நெல்லுத்தான் கூட. 7ஆம் நூற்றாண்டளவு மிளகும் அகப்பட்டுது. கோதுமையும் முந்திரிகைப்பழ விதையும்கூட இருந்ததாம். பிறநாட்டுச் சாப்பாட்டுக்கு வாயூறுற ஆக்கள் அண்டைக்கே இஞ்ச இருந்திருக்கினம், நீங்கள் முதல் ஆக்களில்லை.

கராம்பு கிடைச்சதோ ஒண்டே ஒண்டு. 900க்கும் 1100க்கும் இடையில வந்ததாம். அது விளைஞ்சது இந்தோனேசியாவின்ர கிழக்குத் தொங்கலில, மொலுக்குத் தீவுகளில. அங்கயிருந்து கடல் கடலாத் தாண்டி வந்த சாமானை நிலத்தில விழுத்தின மனுசன் வீட்டில என்ன பேச்சு வாங்கினானோ! அவ்வளவு பெரிய துறையில ஒரு கராம்பு. நீங்கள் ஒரு சட்டிக்கு ஒரு பிடி அள்ளுறியள்.

உங்களில ஒரு தம்பி மானசோல்லாசத்தையும் தூக்கிக்கொண்டு திரியிறார். சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன்ர நூல், 1130 அளவில எழுதினது. அரிசி சேராத உழுத்தம் மாவில இட்டலிக்குச் சொந்தக்காரப் பலகாரம் ஒண்டு அதில இருக்குது. செய்யுங்கோ, நான் சாப்பிடுறன். அதே நூலில சுட்ட எலியும் இருக்குது. அதைச் செய்யிற நாள் எனக்குக் காய்ச்சல் எண்டு இப்பவே சொல்லிப்போட்டன்.

என்னைக் கேட்டால் ஒடியற்கூழ். ஒடியல் எண்டது காயவைச்ச பனங்கிழங்குதானே, பனையை ஒரு போத்துக்கீசனும் கொண்டுவந்து நடேல்லை. ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவிட்டு, தெளிவை ஊத்திப்போட்டு, துணியில இறுக்கிப் பிழியுங்கோ. பிழியாட்டில் காறும், பிறகு 'பழைய காலத்து உருசி இப்பிடித்தானாக்கும்' எண்டு ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கொண்டு குடிப்பியள். நண்டு, இறால், திருக்கை, பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் அவிஞ்சு வரேக்க, பழப்புளியில கரைச்ச மாவை விட்டுக் கைவிடாமல் துழாவவேணும். மிளகும் உள்ளியும் மஞ்சளும் அம்மியில. மிளகு துள்ளித் துள்ளி ஓடும், தண்ணி தெளிச்சு மடக்கி அரைக்கவேணும். அரைக்கிறது ஆர் எண்டு யோசிக்காதேங்கோ. கையில போனை வைச்சுப் படம் பிடிக்கிறவருக்குத்தான் நல்ல புயம்.

பனையோலைப் பிளாவில ஊத்திக் குடிச்சால் கோப்பை கழுவுற வேலை மிச்சம் எண்டு சந்தோசப்படுறியள். அடிப்பிடிச்ச கூழ்ச்சட்டியை மறந்து போனியள். சாம்பலும் தும்பும் கிணத்தடியில எடுத்து வைச்சிருக்கிறன், சவர்க்காரத்தை ஒளிச்சுப்போட்டன். பெட்டையள் இருங்கோ, பொடியள் எழும்புங்கோ.