மதுவம் வேண்டா மகத்துவம்

மனிதனைக் காக்கவைக்கும் ஆற்றல் படைத்தவர்கள் இவ்வுலகிலே பலர் உளர். கச்சேரி எழுதுவினைஞரையும், கலியாணத் தரகரையும், ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஏழு மணிக்கு எழுந்தருளும் தலைவரையும் அவ்வரிசையின் முன்னணியில் நிறுத்துவதே சம்பிரதாயமாயினும், பாடசாலை விஞ்ஞானப் புத்தகங்களில் மதுவம் என்றும் பேக்கரிகளில் ஈஸ்ட் என்றும் நாமம் பெற்று, கண்ணுக்குப் புலப்படாமல் வாழும் ஓர் அற்ப ஜீவன் அவர்கள் அனைவரையும் அக்கலையிலே விஞ்சிவிட்டது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வீட்டிலே பாண் சுடப் புறப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். புது மாப்பிள்ளைக்கு நடத்தும் உபசாரத்தில் அணுவளவும் குறையாமல் அதற்கும் நடத்தவேண்டும். வெந்நீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். சூடு மிஞ்சினால் பிராணனை விட்டுவிடும், குறைந்தால் உறங்கிவிடும். சீனி கொடுத்து முகமலரச் செய்யவேண்டும். பின்னர் துணியால் மூடிக் காற்றுப் படாத மூலையிலே வைத்துவிட்டு, வீட்டார் யாவரும் மெல்ல அடியெடுத்து நடந்து, எழும்பியாயிற்றா என்று இடையிடையே எட்டிப் பார்க்கவேண்டும். எழும்பியதன் பின்னரும் ஒரு குத்துக் குத்தி அமர்த்தி, மறுபடி எழும்பவிடவேண்டும் என்று சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கடைசிப் பிரயோகத்தை மாப்பிள்ளையிடம் செய்து பார்க்க எந்த மாமனாருக்கும் இதுவரை துணிவு வந்ததாகத் தெரியவில்லை.

முல்லைத்தீவுக் கடலோரத்திலுள்ள எங்கள் கொக்கிளாயிலே இத்தகைய உபசாரங்களுக்கு அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை. பாண் வேண்டியவர்களுக்குப் பாண்காரனுடைய முச்சக்கரவண்டி இருக்கிறது. செவிப்புலனை இழந்தும் சங்கீதத்தை இழவாத பீத்தோவன் என்ற ஜெர்மானிய மகாவித்துவான் எலீஸ் என்ற பெண்மணிக்காக 1810ஆம் ஆண்டளவில் எழுதிவைத்த பியானோ உருப்படி, இலங்கைத் தீவின் சந்துபொந்துகளிலெல்லாம் பாண் வண்டியின் வருகையை அறிவிக்கும் கட்டியமாக மாறிவிட்ட விந்தையை அந்த மகான் அறியமாட்டார். எலீஸ் என்பவள் யார் என்று மேனாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சிறுவர்களைக் கேட்டிருந்தால், "அது பாண்காரன்ர பாட்டெல்லோ" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கைத் தீர்த்திருப்பார்கள்.

ஆயினும் வாடைக்காற்று பெருத்து, முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு என்று கடலோரமாக வரும் தெருவிலே வெள்ளம் ஏறிவிட்டால், பீத்தோவனாயினும் சரி, பாணாயினும் சரி, எங்களிடம் வந்து சேர்வது துர்லபம். அப்படிப்பட்ட விடியற்காலைகளில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்று, சங்கீத ரசனையினால் உந்தப்பட்டவன்போலச் செவியைத் தெற்றென வடதிசைக்குத் திருப்பி வைத்திருப்பேன்.

"இஞ்சேருங்கோ, நிண்டது காணும். உள்ள வந்து இந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்.

அக்குரலுக்கு மேல்முறையீடு கிடையாது. அதன்பின் கால் மணி நேரத்துக்குள்ளே நடக்கும் பொரித்த ரொட்டிப் படலம்தான் இக்கட்டுரையின் விஷயம்.

இரண்டு சுண்டு கோதுமை மாவை அரிதட்டில் அரித்து, ஒரு பாதித் தேங்காயின் பூவையும் அளவான உப்பையும் அதனோடு சேர்த்து, முதலில் ஒரு துளி நீரும் விடாமல் விரல் நுனிகளால் பிசறிக்கொண்டே போகவேண்டும். தேங்காய்ப்பூவிலுள்ள பால் மாவிலே ஊறி, பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும் என்ற பதம் வந்தபிறகுதான் சுடுநீரைத் தெளிக்கலாம். தெளிக்கலாம் என்றேன், ஊற்றலாம் என்று சொல்லவில்லை. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போடுவது உத்தமம். குழந்தைகள் உள்ள வீடாயின் மிளகாயை விலக்கிச் சீனி சேர்ப்பது உலக வழக்கம். விரும்பினால் ஒரு நுள்ளு அப்பச்சோடா. கையிலும் ஒட்டாமல் சட்டியிலும் ஒட்டாமல் குழைத்தெடுத்த மாவைச் சிறிது நேரம் மூடிவைப்பது, மாவுக்காக அன்று, தாச்சியிலே தேங்காயெண்ணெய் காய்வதற்காக. பாக்களவு மாவைக் கிள்ளிப் போட்டால் அடியிலே தங்காமல் அக்கணமே மேலே வருமானால் எண்ணெய் தயார். பிறகு உருண்டையை எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டிலே வைத்துக் கைவிரல்களால் தட்டி, நடுப்பகுதி வேகாமற் போகாதபடி அங்கே ஒரு துளையிட்டு, இலையோடு கவிழ்த்து எண்ணெயிலே இறக்கவேண்டும். "சுர்" என்று ஓர் ஆரவாரம். ஓரமெல்லாம் சிறு குமிழிகள். தேங்காய்ப்பூ கருகத் தொடங்குவதற்குச் சற்று முன்னே எழும்பும் ஒரு வாசனை. அந்த வாசனை எழுந்த மாத்திரத்தில் பக்கத்து வளவிலுள்ளவர்களுக்கு எங்களிடம் கேட்கவேண்டிய அவசரமான சங்கதி ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

எண்ணெய்க்குப் பஞ்சமான காலத்தில் இதே மாவைக் காய்ந்த கல்லிலே தட்டிப் போட்டால் சாதாரணத் தேங்காய்ப்பூ ரொட்டி. இரண்டுக்கும் துணை ஒன்றே: செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்ட கட்டைச் சம்பல். முதல்நாள் இரவு களப்பிலே பிடிபட்ட இறாலைக் குழம்பு வைத்து மிஞ்சவும் விட்டிருப்பார்களானால் அந்தக் குடும்பத்தின் பூர்வ புண்ணியத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

மதுவம் இன்றி இந்தப் பொரித்த ரொட்டி எப்படிப் பொங்குகிறது என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானம் விடை வைத்திருக்கிறது. காய்ந்த எண்ணெயிலே விழுந்த கணத்தில் மாவுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது தன் கனவளவைப்போல ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அதற்கு வழிவிடாமல் எந்த மா தாக்குப்பிடிக்கும்? தேங்காயின் கொழுப்போ கோதுமையின் பசையம் நீண்ட இழைகளாகக் கோத்து இறுகிவிடாமல் தடுத்து, கடித்தவுடன் உதிரும் மென்மையைத் தருகிறது. அப்பச்சோடா சேர்த்தால் கரியமில வாயுவின் கைங்கரியமும் சிறிது கூடும்.

சோடாவைப் பற்றிச் சொல்லும்போது பேர்மிங்காம் நகரத்திலே மருந்துக்கடை வைத்திருந்த அல்பிரட் பேர்ட் என்ற புண்ணியவானை நினையாதிருக்க இயலாது. அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது. ஆகவே முட்டையில்லாத கஸ்டட் மாவை 1837இல் உண்டாக்கினார். ஈஸ்ட்டும் ஒவ்வாது, ஆகவே 1843இல், சோடாவோடு அமிலப் பொடியைச் சேர்த்து பேக்கிங் பவுடரை உண்டாக்கினார். இந்தச் சரித்திரத்தை என் மனைவிக்கு அறிவு வளர்ச்சியை முன்னிட்டு ஒருநாள் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் பெண்சாதிக்காக ரெண்டு சாமான் கண்டுபிடிச்சிருக்கிறார். நீங்கள் உங்கட மூக்குக்கண்ணாடியை எண்டாலும் நீங்களாக ஒருநாள் கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்றாள். சரித்திர போதனையை அன்றோடு நிறுத்தினேன்.

நம்மவர்கள் மதுவத்தை அறியாதவர்கள் என்று யாரும் கருதவேண்டாம். பனங்கள்ளிலே அது கோடிக்கணக்கில் வாசம் செய்கிறது; அப்பத்துக்கு மா புளிக்கவைக்கக் கள்ளு விடுவது நெடுங்கால வழக்கம். என் பாட்டனார் விபூதி துலங்காத நெற்றியோடு வெளியிலே வந்தறியாத சைவப்பழம். கள்ளு என்ற சொல் காதில் விழுந்தாலே சிவ சிவ என்று எழுந்துபோய்விடுவார். அப்பத்தின் மேன்மையைப் பற்றியோ அவருக்கு எவ்வித ஐயமும் இருந்ததில்லை. மா எதனாலே இப்படி நுரைத்து எழும்பியது என்று அவர் ஆச்சியிடம் ஆயுட்காலம் முழுவதும் விசாரியாமல் இருந்த பெருந்தன்மையை நான் இன்றும் வியக்கிறேன்.

அப்பத்துக்கு ஓர் இரவு வேண்டும். அந்த இரவு எங்களுக்கு எப்போதும் கிடைத்துவிடவில்லை. முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே பரந்து கிடக்கும் எங்கள் களப்பை 1951இல் அரசாங்கம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. ஆகவே பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இருப்பிடம் சட்டப்படி உறுதியாயிற்று. மனிதருக்கோ 1984 டிசம்பரிலே வெளியேறும் உத்தரவு வந்தது. அன்று புறப்பட்ட சனங்கள் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும், உறவினர் விறாந்தைகளிலும், தறப்பாள் கொட்டில்களிலும் இடம் மாறி இடம் மாறி இருந்து, 2009இல் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்ததன் பின்னரே திரும்பி வந்தார்கள். நிவாரண அட்டைக்குச் சங்கக்கடையிலே கிடைத்தவை அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். இவற்றுள் மூன்றைக் கையிலெடுத்து மூன்று கல்லை அடுப்பாக்கினால் கிடைப்பது எதுவென்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். "எந்த நாளும் ரொட்டிதானோ, ஒருநாளைக்கு அப்பம் சுடுங்கோவன்" என்று நான் அடம்பிடித்தபோது அம்மா சொன்ன மறுமொழி இது: "இரவைக்கு மா புளிக்கவைச்சால் காலமை நாங்கள் எங்க நிற்பமோ ஆருக்குத் தெரியும்? பேசாமல் தின்."

அம்மாவின் இந்தச் சித்தாந்தம் அகில உலகத்துக்கும் பொதுவானது என்பதைப் பிற்காலத்திலே படித்தறிந்தேன். எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரவேலர்கள் மா புளிப்பதற்கு முன்னரே அதைச் சுமந்துகொண்டு போனதை யாத்திராகமம் கூறுகிறது. அமெரிக்காவிலோ, 1864இல் நவாஹோ என்ற பூர்வகுடி மக்களைப் படையினர் அவர்களுடைய நிலத்திலிருந்து எழுப்பி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடத்தி, நியூ மெக்சிக்கோவிலே பொஸ்கி ரெடொண்டோ என்ற பொட்டல்வெளியில் அடைத்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் மா, சீனி, உப்பு, பன்றிக்கொழுப்பு. அதிலிருந்து அவர்கள் பொரித்தெடுத்த ரொட்டிதான் இன்று அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிரசித்தமான பண்டம். தெற்கு டகோட்டா மாநிலம் 2005இல் அதைத் தன் உத்தியோகபூர்வமான ரொட்டியாகவே பிரகடனம் செய்துவிட்டது. நவாஹோக்கள் 1868இல், நான்கே வருஷத்தில், உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். நாங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டோம்; பொரித்த ரொட்டியிலே எங்கள் அநுபவம் அவர்களுடையதைவிட முதிர்ந்தது என்று உரிமை கொண்டாடினால் யாரும் மறுக்கமுடியாது.

கோதுமை விளையாத தேசத்தில் இந்த மா எங்கிருந்து வந்தது என்பது தனிப் புராணம். 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போக, பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது, கூப்பனோடு மாவும் சோற்றுக்குப் பதிலாளாக வந்து சேர்ந்தது. பதிலாளாக வந்தது திரும்பிப் போகவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க உதவியாகவும் மூட்டை மூட்டையாக வரவே, எங்கள் பெரியவர்கள் அதை அமெரிக்கன் மா என்றே அழைத்தார்கள். நவாஹோ அடுப்புக்கும் நிவாரணக் கொட்டில் அடுப்புக்கும் ஒரே தேசத்து மா என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? 1980இலே திருகோணமலைச் சீனக்குடாவில் பிறிமா ஆலை அரைக்கத் தொடங்கியபின், மா எங்களுக்குக் களப்புக்கு அப்பாலுள்ள அயலவராகிவிட்டது.

2022இலே நாட்டின் பொருளாதாரம் குப்புற விழுந்து, எரிவாயு இல்லாமல் பேக்கரிகள் பூட்டப்பட்டு, பட்டணத்துக் கனவான்கள் பாணுக்கு வரிசையிலே நின்று பத்திரிகைகளில் பிரசித்தியடைந்த காலத்தில், எங்கள் ஊரிலே தென்னோலையும் சிரட்டையும் எரிந்த அடுப்புகளில் ரொட்டி தடையின்றி வெந்துகொண்டிருந்தது. மாவின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறியதனால் ரொட்டியின் விட்டம் சற்றுக் குறுகிற்று என்பது மெய். நடுவிலுள்ள துளை அதற்கேற்பக் குறுகவில்லை என்பதை மட்டும் நான் என் மனைவியிடம் சுட்டிக்காட்ட நேர்ந்தது. "துளைக்குக் காசில்லை, அது எவ்வளவெண்டாலும் சாப்பிடுங்கோ" என்று பதில் வந்தது.

முடிவாக வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வைத்திருக்கும் அவித்த மாவிலே இந்த ரொட்டியைச் செய்யத் துணியாதீர்கள். அவித்த மாவின் பசையம் ஆவியிலேயே அடங்கிப்போயிருக்கும். அது குழையாது, தட்டவும் வராது, எண்ணெயிலே விழுந்ததும் துண்டு துண்டாக உதிர்ந்து அடியிலே கருகும். பச்சை மாவையே எடுத்து, சூட்டோடு பொரித்து, சூட்டோடே உண்ணுங்கள். அவித்த மாவில் செய்து பார்த்துவிட்டு எனக்குக் கண்டனக் கடிதம் எழுதுபவர்களுக்கு மறுமொழி அனுப்பப்படமாட்டாது.