எல்-4, எல்-5 சார்பாக ஒரு மனு

அனுப்புநர்:
முன்னாள் டஃபேதார், கவசப் படை (டேங்க் ஓட்டுநர்),
பருத்திப்பட்டு, ஆவடி.

பெறுநர்:
மேன்மைதங்கிய மருத்துவ வாரியம், அதன் முடிவை வரிக்கு வரி வழிமொழியும் மேல்முறையீட்டுக் குழு, இரண்டுக்கும் நடுவே என் கோப்பைச் சுமந்து திரியும் சகல பிரிவுகளும்.

பொருள்: என் முதுகுவலிக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை எனக் கண்டறிந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் நிராகரிப்புக் கடிதம். (எண்ணும் தேதியும் ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் இருக்கின்றன.)

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து படிக்கும் அளவுக்கு அது நீளமில்லை. உட்காரும் அளவுக்கு அன்று என் இடுப்பும் ஒத்துழைக்கவில்லை.

என் இடுப்புப் பகுதியில் எல்-4, எல்-5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கியிருப்பதைத் தாங்கள் மறுக்கவில்லை. அது இடது காலுக்கு இறங்கும் நரம்பை நெரிப்பதையும் மறுக்கவில்லை. வலி எனக்குத்தான் என்பதையும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் அது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை, உடலமைப்பு சார்ந்தது என்று முடித்துவிட்டீர்கள். முன்னாள் படைவீரர்கள் நடுவே இந்த வாக்கியத்துக்கு, அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, ‘நானா’ என்று பெயர். பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் காலையில் சட்டைக்குள் இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறவரை நிறுத்தி, “என்ன சார் ஆச்சு?” என்று கேட்டால், “நானாதான்” என்பார். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இருபத்து நான்கு வருடம் நாற்பது டன் இரும்புக்குள் குலுங்கியதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கோளாறு என் பிறவியிலேயே இருந்தது என்று கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. அதற்குத் தனிக் கண் வேண்டும். 1991இல் என்னைப் பட்டாளத்துக்கு எடுத்த டாக்டர்களுக்கு அந்தக் கண் இல்லாமல் போனதுதான் வருத்தம். ஜட்டியோடு வரிசையில் நிறுத்தி, மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொல்லி, பாதம் தட்டையா, முட்டி இடிக்கிறதா, முதுகு கோணலா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பையனை முட்டி இடிக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் அழுதுகொண்டே போனான். என் முதுகில் தட்டி ‘ஃபிட்’ என்று எழுதினார்கள். அந்தக் காகிதம் தங்களிடம்தான் இருக்கிறது.

1982ஆம் ஆண்டின் தகுதி விதிகள் இந்தக் காகிதத்தை மதிக்கச் சொல்லின. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் ஆள் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு படைவீரன் தலையில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவனுக்கே என்றன. 2013 ஜூலை 2 அன்று, தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வலிப்பு நோய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே நிறுத்தி நிதானமாகச் சொன்னது. காரணம் எழுதாமல் வாரியம் ஒற்றை வரியில் முடிக்கக்கூடாது என்றும் சொன்னது. தாங்கள் அந்தத் தீர்ப்பை மதித்தே நடந்திருக்கிறீர்கள். எனக்கு ஒற்றை வரி எழுதவில்லை. ஒன்றரை வரி.

இனி என் உடலமைப்பு உருவான விதம் பற்றிச் சிறு குறிப்பு. டி-72 டேங்க்கில் ஓட்டுநர் முன்பக்கம் நட்டநடுவில், பீரங்கிக் குழலுக்குக் கீழே சாய்ந்து கிடப்பார். உட்காருவது என்று சொல்ல முடியாது. படுப்பது என்றும் சொல்ல முடியாது. மூடியை இறக்கிவிட்டால் தலைக்கு மேல் ஒரு சாண் இடம்கூட இல்லை. ராஜஸ்தானில் மகாஜன் துப்பாக்கிச் சூட்டுத் தளத்தில் மணல்மேடு ஏறும்போது வானம் மட்டும் தெரியும். மேட்டின் உச்சியில் ஒரு நொடி எதுவும் தெரியாது. அடுத்த நொடி மூக்கு கீழே விழும். முழு எடையும் வந்து இறங்கும் இடம் வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே. கமாண்டர் இன்டர்காமில் “ஷாபாஷ்” என்பார். அது எனக்கா டேங்க்குக்கா என்று கடைசி வரை கேட்டுக்கொள்ளவில்லை.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்று எல்லோரையும் எல்லைக்கு இறக்கினார்கள். மறு அக்டோபர் வரை மணலில் கிடந்தோம். யுத்தம் வரவில்லை. வலி வந்தது. காலையில் டேங்க்கை விட்டு இறங்கும்போது இடது கால் தரையில் பட்டதா இல்லையா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும் நிலை.

‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டுமொத்தக் கோப்பிலும் தாங்கள் என்னைக் கேட்ட கேள்வி இது ஒன்றுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் போய் சிக் ரிப்போர்ட் கொடுத்தால் முதலில் கிடைப்பது புரூஃபன். தலைவலிக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான். இரண்டாம் முறை போனால் புரூஃபனோடு ‘காம்சோர்’, அதாவது வேலைக்கள்ளன், என்ற பட்டமும் சேர்ந்து கிடைக்கும். மூன்றாம் முறை போகிறவனை மருத்துவமனைக்கு அனுப்பி, லோ மெடிக்கல் கேட்டகிரி என்று போட்டுவிடுவார்கள். அதன் பிறகு பிரமோஷன் கேடரில் பெயர் இருக்காது. வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் ‘நல்ல ஜவான்’ என்ற பெயர். எனக்கு அந்தப் பெயர் இருந்தது. என் நன்னடத்தைக் குறிப்பில் ‘எக்ஸெம்ப்ளரி’ என்று இருக்கிறது, அதையும் இணைத்திருக்கிறேன்.

பராக்ரம் முடிந்து ரெஜிமெண்ட் பஞ்சாபில் ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது அமைதிக்கால முகாமுக்கு, திரும்பியது. அங்கே ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு எம்.ஐ. ரூமுக்குப் போனார்கள். அன்றைய தேதிதான் தங்கள் பதிவேட்டில் ‘நோய் தொடங்கிய நாள்’. இடம்: பீஸ் ஸ்டேஷன். சூழ்நிலை: ஷூ லேஸ். ஆகவே எதிரி யாரும் என் முதுகைத் தொடவில்லை என்று தாங்கள் முடிவுக்கு வந்தது நியாயமே. வலி எங்கே பிறந்தது என்பது தங்களுக்கு முக்கியமில்லை. எங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்கியது என்பதுதான் முக்கியம்.

பீஸ் ஸ்டேஷனில் நோய் தெரியவந்தது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு சுபேதாரின் நீரிழிவு வழக்கில் சொல்லியிருக்கிறது. தாங்கள் படித்திருப்பீர்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞராவது சொல்லியிருப்பார். அந்த வழக்கை மேலே கொண்டுபோனதே அரசுதான்.

பிறகு சதவீதம். ஓய்வுபெறும் நேரத்தில் வாரியத்தின் முன்னால் நின்றேன். “குனிந்து தரையைத் தொடு” என்றார் டாக்டர். அவர் தோளில் நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரம் சொன்னால் செய்துவிட்டுத்தான் வலியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அகமதுநகர் பயிற்சி மையத்தில் என் எலும்பில் ஏற்றியிருந்தார்கள். தொட்டேன். நிமிர முடியவில்லை. அவர் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார்: ‘அசைவில் குறைபாடு இல்லை.’ நிமிரும் பாதி அவர் படிவத்தில் இல்லை.

வந்த மதிப்பெண் 20க்குக் கீழே. இந்த 20 என்ற எண்ணைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊனம் 20 சதவீதம் என்று வந்து, பணியால் வந்தது என்றும் ஏற்றுக்கொண்டால், 1996 முதல் அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு. ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பதால், 50க்கு 15 சதவீதம் வரும். அதாவது 20 வாங்கினால் 50. 19 வாங்கினால் பூஜ்யம். எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையில் 34 போட்டு என்னை உட்கார வைத்த கணக்கு வாத்தியாரை அன்றுதான் மனதார மன்னித்தேன். அமெரிக்காவில் கோணமானி வைத்து இடுப்பு எத்தனை டிகிரி வளைகிறது என்று அளந்து, 10 சதவீதத்துக்கே மாதப் பணம் கொடுக்கிறார்களாம். பணக்கார நாடு, கோணமானிக்கும் காசு இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் உறுத்துகிறது. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வுபெற்ற அதிகாரிகளில் நூற்றுக்கு 36 முதல் 40 பேர் ஊன ஓய்வூதியம் பெற்றார்கள். எங்களைப் போன்ற கீழ்நிலையினரில் 15 முதல் 18 பேர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) அறிக்கை சொல்கிறது. அவர்களுக்கு வலியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் ஸ்குவாட்ரன் கமாண்டரும் என்னோடு அதே மேட்டில் ஏறி அதே பள்ளத்தில் விழுந்தவர்தான். ஒரே டேங்க், ஒரே பள்ளம். அவர் முதுகுக்கு எந்தப் படிவத்தை எந்த மாதத்தில் நிரப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது. என் முதுகு பத்தாம் வகுப்பு பாஸ்.

ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2007இல் சட்டம், 2009இல் தொடக்கம், சென்னையிலும் ஒரு கிளை. ஜெயிக்கிறவர்களும் உண்டு. ஜெயித்த பிறகுதான் அரசு மேல்முறையீடு என்று கிளம்பும். ரோந்தில் இறந்துபோன ஒரு வீரரின் மனைவிக்குத் தீர்ப்பாயம் கொடுத்த ஓய்வூதியத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதற்காக, 2024 டிசம்பரில் அரசுக்கே 50,000 ரூபாய் செலவுத் தொகை விதித்தார்கள். அந்தப் பணமும் பாதுகாப்பு பட்ஜெட்டில்தான் போயிருக்கும். நாட்டுக்காகச் செலவு செய்வதில் தாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

நான் ஓட்டிய டி-72, நான் இப்போது குடியிருக்கும் பக்கத்திலேயே, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பிறந்தது. குறிப்பிட்ட காலம் ஓடிய பிறகு முழுப் பழுதுபார்ப்புக்கு அங்கே திரும்பி வருவதும் உண்டு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதன் லாக் புத்தகத்தில் ஒரு மணி விடாமல் இருக்கும். டார்ஷன் பார் முறிந்திருந்தால் மாற்றுவார்கள். ‘இது பீஸ் ஸ்டேஷனில் முறிந்தது, வண்டியின் உடலமைப்பு சார்ந்தது’ என்று எந்த ஃபோர்மேனும் எழுதித் திருப்பி அனுப்பியதில்லை. அதே வண்டிக்குள் அதே மணிக்கணக்கில் அதே குலுக்கலில் இருந்த என் எல்-4க்கும் எல்-5க்கும் லாக் புத்தகம் போடாமல் விட்டது யாருடைய கவனக்குறைவு என்று விசாரிக்கும்படி கேட்கவில்லை. விசாரணைக்கு என்னைத்தான் கூப்பிடுவீர்கள். பூந்தமல்லி சாலையில் ஷேர் ஆட்டோவில் வர வேண்டும். வந்து சேரும்போது சதவீதம் கூடியிருந்தால் தங்களுக்கு வீண் சங்கடம்.

நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்று கேட்கிறீர்கள். செல்போன் கேமரா முன்னால் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால், உயிரோடு இருக்கிறேன் என்று உடனே நம்பிவிடுகிறீர்கள். எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே, மூன்று டாக்டர் கடிதம் எதுவும் கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் தாங்கள் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி.

கடைசியாக, தங்கள் அனுமதி வேண்டி ஒரு விஷயம். எங்கள் பகுதிப் பையன்கள் அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஏரியைச் சுற்றி ஓடுகிறார்கள். 2022இல் வந்த திட்டம். நாலு வருடம், ஓய்வூதியம் கிடையாது. ஊனம் 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம் கருணைத்தொகை உண்டு. பணியால் வந்தது என்று அங்கேயும் நிரூபணமாக வேண்டும். “அண்ணே, டிப்ஸ் சொல்லுங்கண்ணே” என்று என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஆயிரத்து அறுநூறு மீட்டரை எப்படி ஓடுவது என்று கேட்கிறார்கள் என நினைக்கிறேன். நாங்கள் பெல்ட் கட்டிய நாலைந்து பேர் கூடிப் பேசி வேறு பாடத்திட்டம் தயாரித்திருக்கிறோம்: சுளுக்கினால் அன்றைக்கே சிக் ரிப்போர்ட். புரூஃபன் கொடுத்தால் சீட்டை வாங்கிக்கொள். எந்த வண்டி, எந்த மேடு, எந்தத் தேதி என்று டாக்டரை எழுதச் சொல். காம்சோர் என்றால் சிரித்துக்கொள். பல்லைக் கடிக்காதே, பல்வலிக்கும் நானாதான் எழுதுவார்கள்.

ராணுவம் எனக்குக் கற்றுக்கொடுத்ததற்கு இது நேர் எதிர் என்பதால் தங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் பாடத்தைத் தொடங்க விருப்பமில்லை. மூன்று பிரதிகளில் விண்ணப்பம் இணைத்துள்ளேன். ஆட்சேர்ப்பு முகாமுக்கு முன்னால் பதில் வந்தால் உதவியாக இருக்கும். வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
முன்னாள் டஃபேதார், பருத்திப்பட்டு.

இணைப்பு: நன்னடத்தைக் குறிப்பு, விண்ணப்பம் (மூன்று பிரதிகள்), எம்.ஆர்.ஐ. படம் 1 (பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், மடிக்க வேண்டாம்).