சப்ளையர் சட்டைக்கு வரிக்கழிவு

கே: ராஜபாளையத்தில் ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலை. யூனிஃபார்ம், ஷூ, சலவை எல்லாம் என் கைக்காசு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் இதையெல்லாம் வரியில் கழிக்கிறானாம். நான் கழிக்க முடியாதா?
– ஒரு வாசகர், வன்னியம்பட்டி

ப: மச்சான் பாதிதான் சொல்லியிருக்கிறார். அங்கே ஹோட்டல் முத்திரை போட்ட சட்டைக்கும், சமையல்காரரின் கட்டம்போட்ட பேன்ட்டுக்கும் கழிவு உண்டு. சப்ளையரின் சாதாரணக் கறுப்பு பேன்ட்டுக்குக் கிடையாது. நம் அரசுக்கு இந்தத் துணி ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு, பில் கேட்காமல். சால்னா தெறித்த சட்டைக்கும் கலெக்டர் சட்டைக்கும் ஒரே தொகை. அதோடு வரித் தள்ளுபடியும் சேர்வதால் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. உங்களுக்கு அதைத் தாண்டுகிறது என்றால் ஹோட்டல் முகவரி அனுப்புங்கள், நானும் சாம்பார் வாளி தூக்க வருகிறேன்.

டிப்ஸும் வருமானம்தான். ஆனால் கார்டில் வந்து முதலாளி பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ்கூடச் சம்பளமல்ல என்று ஐ.டி.சி. வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் முதலாளி வரி பிடிக்க வேண்டியதில்லை. அந்த வேலை அவருக்கு மிச்சம் என்ற தெம்பில், யூனிஃபார்ம் செலவை அவர் தலையில் கட்டப் பாருங்கள்.