நான்கு சென்ட்டில் மூணாறு

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மரம் நிற்கிறது. மரம் என்று நான்தான் சொல்கிறேன். பால்காரர் செடி என்கிறார். கூரியர் கொண்டுவரும் பையன் அதன் தலையில் தன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவான். நட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஹெல்மெட்டைச் சேர்த்து அளந்தால் நாலடி வரும்.

நான் பிறந்தது மூணாறில், எஸ்டேட் லயத்தில். துரை பங்களா வாசலில் இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் காவல்காரர்கள் மாதிரி விறைத்து நிற்கும். பந்து உள்ளே போய்விட்டால் அந்த மரங்களைத் தாண்டிப் போய் எடுக்கத் தைரியம் வராது. பெரியவனானதும் வீட்டு வாசலில் அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பெரியவனானபோது வேலை கிடைத்தது சித்தூர் தாலுகாவில், தமிழ் மீடியம் பள்ளியில். பெண் கிடைத்தது கொழிஞ்சாம்பாறையில். மிச்சமிருந்த காசுக்கு அங்கேயே நாலு சென்ட் கிடைத்தது.

மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையை உயரம் சொல்லி யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. கேரளம் என்றால் மழை என்று நினைத்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்துக் கடலைக்காட்டையும் பனைமரத்தையும் பார்த்து, இறங்கின இடம் சரிதானா என்று பஸ் போர்டை மறுபடி படிப்பார்கள். மார்ச் மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டுப் போகும். குளிரைப் பற்றி நான் பெருமூச்சு விடும்போதெல்லாம் என் மனைவி சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஏனுங்க, ஃப்ரிட்ஜைத் தொறந்து வெச்சு முன்னால உக்காந்துக்கோங்க."

ரிடையர் ஆன வருஷம் அத்தை பேத்தி கல்யாணத்துக்கு மூணாறு போனபோது, சாலையோர நர்சரியில் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. பொன்பச்சை நிறம். முட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி வடிவம். "தூஜா சார். மெதுவாத்தான் வளரும். ஒரு தொல்லையும் இருக்காது" என்றார் கடைக்காரர். நாலு சென்ட்காரனிடம் சொல்லத் தக்க வார்த்தை. 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

மூணாறிலிருந்து எங்கள் ஊருக்குப் போக மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாக மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு முழு தமிழ்நாட்டுப் பயணம். மறையூர் சந்தனக்காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் உண்டு, காவல் உண்டு. செக்போஸ்ட்டில் ஏறின வனக்காவலர் என் மடியிலிருந்த சாக்குப்பையைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், இறங்கிப் போய்விட்டார்.

நட்ட பிறகுதான் படித்துப் பார்த்தேன். என் மரத்தின் ஊர் சீனா. லின்னேயஸ் 1753-இல் இதைத் தூஜா கணக்கில் எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கி, பிளாட்டிகிளாடஸ் என்று தனிக் கார்டு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நர்சரிக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. என்னிடமிருப்பது குள்ள ரகம், 'ஆரியா நானா'. ஆரியா என்றால் லத்தீனில் பொன்னிறம். நானா என்றால் குள்ளம். தமிழில் நானா என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரியும். "செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது?" என்று மனைவி கேட்பாள். நான் மரத்தின் பெயரைச் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மலையாளி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் கைவைத்து எட்டிப் பார்த்தார். "மாஷே, இது சவுக்கல்லே?"

வாத்தியார் வேலை பார்த்தவனிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் பாடம் நடந்தது. சவுக்கு பார்க்க ஊசியிலை மரம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த இனமே அல்ல. அது பூக்கும் தாவரம். ஊசி மாதிரித் தெரிவது இலையும் அல்ல, பச்சைக் குச்சி. நம் தென்னிந்தியக் காடுகளில் தானாக முளைக்கிற ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான், நாகேயா வல்லிச்சியானா. இடுக்கிப் பக்கத்து மழைக்காடுகளில் பார்க்கலாம். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட டேனிஷ்காரர் வாலிச்சின் பெயர் அதற்கு. அதன் இலை அகலமாக, நடுநரம்பே இல்லாமல், ஏதோ கிராம்பு ஏலக்காய்க்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். ஆக, ஊசி இருப்பது ஊசியிலை மரம் அல்ல. ஊசியிலை மரத்துக்கு ஊசி இல்லை.

"அப்போ மாஷ்டெ மரத்தில ஊசி உண்டோ?" என்றார் அவர். குனிந்து பார்த்தேன். செதில் செதிலாக, தட்டையாக, புத்தகப் பக்கங்களை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. ஊசி இல்லை. பாடம் அத்துடன் முடிந்தது.

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்று நம் பக்கம் சொல்வார்கள். தூஜா வச்சவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பார்க்கிற அளவுக்காவது அது வளர வேண்டுமே. சீனாவில் மஞ்சள் பேரரசர் சமாதியில் நிற்கிற இதே இன மரத்துக்கு ஐயாயிரம் வயசு என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் என்னுடையது இன்னும் தொட்டிலில் கிடக்கிறது. எனக்குத்தான் அவசரம்.

சுவரில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மரத்துக்கு ஒரு கோடு, பேத்திக்கு ஒரு கோடு. மரம் நட்ட வருஷம் அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே உயரம். அதற்குப் பிறகு அவள் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏற, மரத்தின் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு வருஷம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடமே இல்லை. பென்சில் முனையைச் சீவி, வளர்ந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. வாத்தியார் வேலையில் இருந்தபோது ஒரு பையனுக்குக்கூட இப்படிக் கருணை மதிப்பெண் போட்டதில்லை.

இதற்கு நடுவில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த ஓட்டை. கார்த்திகை முடிந்ததும் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அதற்குள் புகுந்து புறப்படும். கஞ்சிக்கோட்டில் அதை வைத்துக் கரண்டு எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மரத்திலிருந்து தண்ணீரை எடுத்தது. பொன்பச்சை வெறும் பித்தளையாகி, பிறகு பாக்குத்தூள் நிறத்துக்கு வந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றினேன். வேர் நனைந்து ஊறினால் இந்த மரத்துக்கு ஆகாது என்று பிறகு தெரிந்தது. உண்மையான வில்லன் இலையில் இருந்தது: செஞ்சிலந்திப் பேன், கண்ணுக்குத் தெரியாத பொடி. வறண்ட சூட்டில்தான் அது பெருகும். மருந்து சுலபம். ஓஸ் பைப்பை வைத்து இலைமேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். தினமும் காலையில் மரத்தைக் குளிப்பாட்டினேன். "என்னை ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக நேரமில்ல, இதுக்குத் தினமும் அபிஷேகம்" என்றாள் மனைவி. உண்மைதான். மரம் பிழைத்தது.

பேனிடம் பிழைத்தது மச்சினனிடம் பிழைக்கவில்லை. தீபாவளிக்கு வந்தவர், "மாமா, ஒரு பக்கம் துருத்திட்டு நிக்குது" என்று சொல்லிக்கொண்டே தென்னை ஓலை வெட்டும் கத்தியால் ஒரு வீச்சு வீசினார். முருங்கையை வெட்டிப் பழகின கை. முருங்கைக்கு அது முடிவெட்டு. ஒரே மாதத்தில் தலை நிறைய வந்துவிடும். இந்த இனத்தில் பச்சையைத் தாண்டிப் பழைய கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது. ரோட்டைப் பார்த்த பக்கத்தில் ஒரு தேங்காய் அளவுக்குப் பொக்கை விழுந்தது.

பேத்திக்கு அந்தச் சமயம் முன்பல் விழுந்திருந்தது. "தாத்தா, அதுக்கும் முளைக்குமா?" என்றாள். முளைக்காது என்றேன். "உனக்கு?" என்றாள். என் கடைவாய்ப் பல் போன விஷயம் அவள் வரைக்கும் போயிருக்கிறது.

வடக்கே இந்த மரத்துக்கு மோர்பங்கி, அதாவது மயிலிறகு என்று பெயர் என்று அவளிடம் சொன்னதுதான் தாமதம், ஒரு கிளையை ஒடித்துக் கணக்குப் புத்தகத்தில் வைத்து, பென்சில் சீவல் போட்டு மூடிவிட்டாள். மயிலிறகு குட்டி போடும் என்று நாங்களும் வைத்தவர்கள்தானே. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்தாள். நானும்தான். வாசலில் இருப்பது வளரும் வேகத்துக்கு, புத்தகத்தில் இருப்பது முந்திக்கொண்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அசல் மயில்களுக்கு எங்கள் ஜில்லாவில் பஞ்சமில்லை, சூலனூரில் சரணாலயமே இருக்கிறது. ஒன்று மதில்மேல் ஏறி நின்று என் மயிலிறகு மரத்தைப் பார்த்தது. ஒரு மயிலின் முகத்தில் அவ்வளவு ஏமாற்றத்தை நான் கண்டதில்லை.

போன டிசம்பரில் மூணாறு போனபோது அந்த நர்சரியில் இறங்கினேன். அதே ஆள். ஒன்பது வருஷக் கதையையும் சொன்னேன். மலைச்செடியைச் சமவெளிக்குக் கொண்டுபோனது என் தப்பா என்று கேட்டேன்.

"மலைச்செடியா?" என்று சிரித்தார். "இதெல்லாம் மண்ணுத்தியிலேர்ந்து லோடுல வர்றது சார். இங்க பத்து நாள் இருக்கும், அவ்வளவுதான்."

மண்ணுத்தி திருச்சூரில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாத்தா ஞாபகம் வந்தது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து கிளம்பி, போடி வந்து, கொட்டகுடி வழியாக மலையேறி எஸ்டேட்டில் பேர் கொடுத்தவர். சாகிற வரைக்கும் மூணாறு குளிரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மூணாறுன்னு பேரு சொல்லிட்டு இந்த ஊட்டுக்குள்ள வந்து நிக்கிறது அது ஒண்ணுதானா, இன்னும் ஆராச்சும் இருக்காங்களா?"

நான் மரத்தின் பெயரைச் சொன்னேன்.