மொத்தமாகப் போனால் தள்ளுபடி

ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலைக்கு 7. கட்டை விரலுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை: 30. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் போட்ட அட்டவணை இது, இ.எஸ்.ஐ. சட்டமும் இதே கணக்கைத்தான் வைத்திருந்தது. ஆள்காட்டியையும் நடுவிரலையும் கூட்டினால் 26 வர வேண்டுமே? வராது. 'ஒரு கையில் இரண்டு விரல்' என்று தனி வரி உண்டு, அதற்கு 20தான். மொத்தமாகப் போனால் தள்ளுபடி. பீஸுக்குப் பத்துப் பைசா குறைக்க நாள் முழுக்கப் பேரம் பேசுகிற திருப்பூருக்கு இந்தக் கணக்கு புரியாமலா போகும்?

எலும்பு தப்பி, விரல் நுனிச் சதை மட்டும் போனாலும் அட்டவணையில் இடம் இருக்கிறது. அவ்வளவு நுணுக்கம். விரலோடு சேர்ந்து போன தூக்கத்துக்கு அந்த விரல் வரிசையில் இடமில்லை.

வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனியில் கட்டிங் மெஷினிடம் விரலைக் கொடுத்தவரைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றுவார்கள். அது கருணை. சம்பளம் குறையும். அது நிர்வாகம். காலையில் அவர் ரேகை மெஷின் முன்னால் நிற்கிறார். மெஷின் கேட்கிற விரல் அவரிடம் இல்லை. மாற்று விரலைப் பதிய ஆபீஸிலிருந்து ஆள் வர வேண்டும். ஆள் ஒன்பது மணிக்குத்தான் வருவார். பின்னால் வரிசை நீளுகிறது. "அண்ணா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்கிறது ஒரு குரல். வலக்கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஒதுங்குகிறார். அன்றிலிருந்து டீக்கடையில் கிளாஸ் வாங்குவதும் கல்யாண வீட்டில் மொய் எழுதுவதும் இடக்கைதான்.

ராத்திரி அரிக்கிறது. இல்லாத விரல். "இல்லாதது எப்படிங்க அரிக்கும்? எனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிக்குதுங்களா?" என்று அவர் யாரைக் கேட்பது? வெட்டுப்பட்ட உறுப்பில் உணர்வு தங்குவது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த சங்கதி. அவரிடம் சொல்ல மட்டும் ஆளில்லை. 14416 என்று மனநல உதவிக்கான அழைப்பு எண் இருக்கிறது, 2022-ல் வந்த நல்ல எண்தான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து, லைன் வீட்டில் ஒரே அறையில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எந்த மூலையில் நின்று பேசுவார்?  அதை அழைப்பு எண்ணை நம்பியே திட்டம் போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

அவசரப்படாதீர்கள், டிசம்பர் 3 வருகிறது. மாற்றுத்திறனாளிகள் தின விழா. மேடைக்குச் சாய்தளம் இருக்காது. சக்கர நாற்காலியோடு விருதாளரை நாலு பேர் தூக்குவார்கள், அதுதான் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அப்புறம் தன்னம்பிக்கைப் பேச்சாளர். பத்து விரலையும் விரித்து ஆட்டி ஆட்டிப் பேசுவார். திரையில் கை கால் இல்லாமல் பிறந்த நிக் வுயிசிக். அடுத்து செயற்கைக் காலோடு ஆடிய சுதா சந்திரன். "அவங்க ஆடலையா? நீங்க ஏன் மூலையில உக்காந்திருக்கீங்க?" ஆடத் தெரியாதவன், ஆட விருப்பமில்லாதவன், இருந்த காலோடு ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்பவன் எல்லாம் இந்த நாட்டில் குற்றவாளி. துக்கப்படுவதற்குக்கூட மேடை போட்டுத் தடை விதிக்கிறோம்.

வேண்டியது மேடை இல்லை, அதே அடி பட்ட ஒரு ஆள். பட்டவரே பட்டவருக்குத் துணை நிற்பது என்பது யாரோ கிளப்பிவிட்ட புது மோஸ்தர் என்று நினைப்பவர்களுக்கு: ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 26-ஆவது பிரிவு. சக மனிதர் துணையோடு மறுவாழ்வு தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியா அதை 2007 அக்டோபர் 1-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே அதற்கெல்லாம் முன்பே ஒருவர் செய்து காட்டியாயிற்று. 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை நடத்தியவர் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்த ஆடிட்டர் சங்கரராமன். முதுகுத்தண்டு உடைந்து அங்கே போகிறவன், தன்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறவர் ஒரு நிறுவனத்தையே நடத்துவதைப் பார்க்கிறான். பேச்சே தேவையில்லை. அரசு பார்த்தது, 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. கொடுத்ததோடு கணக்கு நேர்.

வீரபாண்டியிலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். விரல் போய், தூக்கம் போய், மாத்திரையோடும் சண்டையோடும் மீண்டு, இன்று புதிதாக அடிபட்டவன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தானாகவே போய் உட்காருகிறவர்கள். "அரிக்கும் தம்பி, எனக்கும் அரிச்சுது" என்று அப்படி ஒருவர் சொல்கிற ஒரு வாக்கியத்தில் பாதி பயம் இறங்கிவிடுகிறது. மீதியை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அவருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் போட்டு, இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள் என்றால், முதல் கேள்வி தயார்: "என்ன படிச்சிருக்கார்?" எட்டாவது. "முன் அனுபவம்?" வலக்கையைக் காட்டுவார். "அது இல்லைங்க, சர்டிபிகேட்." இல்லை. "சரி, சேவை மனப்பான்மையோட சும்மா வந்து பண்ணட்டுமே, சேவைக்குப் போய்ச் சம்பளமா?" என்பார்கள். டிசம்பர் 3 பேச்சாளருக்குக் கவர் அட்வான்ஸாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. காருக்குத் தனி.