சுழற்றிப் பார்க்க வழியில்லாத பேட்டரி

எங்கள் வீட்டு ரேடியோவில் பேட்டரிக் கட்டை தீர்ந்தால் அப்பா உடனே கடைக்குப் போகமாட்டார். மொட்டைமாடி வெயிலில் கட்டைகளை வரிசையாகக் காயவைப்பார். சாயங்காலம் திருப்பிப் போட்டதும் இலங்கை வானொலி கொஞ்சம் கரகரத்துவிட்டுப் பாடத் தொடங்கும். வெயிலும் பலிக்காவிட்டால் கட்டையைப் பல்லால் கடித்து நெளிப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அடியோடு செத்த கட்டை பிள்ளைகளுக்கு. கல்லால் உடைத்தால் கருப்புப் பொடிக்கு நடுவே கரிக்குச்சி. தரையில் நொண்டிக்கட்டம் போட அதுதான் எங்கள் பேனா. அந்தக் கட்டையின் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் தந்தது. கூடு மெலிந்து ஓட்டையானால் பசை கசிந்து ரேடியோ ஸ்பிரிங்கை அரித்துவிடும். அதிகபட்ச நஷ்டம் அவ்வளவுதான்.

பிறகு செல்போன் வந்தது. நோக்கியா 1100-இன் முதுகு மூடியைத் தள்ளினால் பி.எல்-5சி பேட்டரி கையில் வந்துவிடும். சார்ஜ் நிற்கவில்லை என்று போனால், கடைக்காரர் வேறெதையும் பார்ப்பதற்கு முன் பேட்டரியைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுண்டுவார். தட்டையாக இருந்தால் அது மேசையோடு ஒட்டி நின்றுவிடும். வயிறு வைத்திருந்தால் பம்பரமாய்ச் சுழலும். "பாத்தீங்களா, உப்பிடுச்சு. இதை இனிமே சார்ஜ் போடாதீங்க" என்பார். இத்தனை எளிய, இத்தனை நேர்மையான சோதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாங்குபவர், விற்பவர் இருவர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது அது.

2007 ஆகஸ்டில், மட்சுஷிதா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. பயம் இருந்தது, ஆனால் யாரும் போனை இழக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி, பின்பக்க எண்ணைப் பார்த்து, மாற்று பேட்டரி கேட்டால் போதும். 2016-இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது கதையே வேறு. பேட்டரி உள்ளே மூடப்பட்டிருந்ததால் போனையே திருப்பித் தரவேண்டியிருந்தது. முதலில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றித் தந்தவையும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள்.

பேட்டரி உள்ளே மூடப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பது அம்மாவின் பழைய லேப்டாப்பில் எங்களுக்குப் புரிந்தது. பேத்தி வீடியோவில் பேசும்போது சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று இரவும் பகலும் வயரைச் செருகியே வைத்திருப்பார். எப்போதும் நூறு சதவீதம். அதோடு கோடைப் புழுக்கம். லித்தியம் பேட்டரிக்கு இவை இரண்டும் ஆகாது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அளவிலேயே நிற்க, உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் என்று வாயுக்களாகிறது. மெல்லிய அலுமினியப் பைக்குள் அடைபட்ட வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, பை உப்புகிறது. டச்பேட் அழுந்தவில்லை என்று அம்மா விரலை இன்னும் பலமாக அழுத்திக்கொண்டிருந்தார். அதன் அடியில் இருந்தது அந்தப் பைதான். நினைத்தாலே பதறுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஊசியால் குத்திக் காற்றை இறக்கச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் காப்பது மெல்லிய பிளாஸ்டிக் திரை மட்டுமே. ஊசி அதைக் கிழித்தால் ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் வாயுவும் திரவமும் பற்றிக்கொள்ளும். வயரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, மெத்தை, திரைச்சீலை பக்கமில்லாத வெறும் தரையில் வைத்தோம். பிறகு சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனோம்.

"அப்புறம் சார்ஜ் போட்டீங்களா சார்?"

"இல்ல தம்பி, உடனே எடுத்துட்டோம்."

"நல்லது. சார்ஜ் கம்மியா இருந்தா பயமும் கம்மி."

அவர் முதலில் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவரைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பைக்கு அடியில் செலுத்தி, பசையை நூல் நூலாக விடுவித்தார். நடுநடுவே நிறுத்தி முகர்ந்தார். "இனிப்பா வாடை வந்தா லீக்குன்னு அர்த்தம் சார், கையை எடுத்துடுவேன்." வெளியே வந்ததும் முனைகளில் டேப் ஒட்டி மணல் வாளியில் வைத்தார். தேர்ந்த கை. ஆனால் ஒரு பேட்டரி மாற்ற இவ்வளவு தேர்ச்சி எதற்கு வேண்டும்? அந்தப் பசை அங்கே எதற்கு?

மெலிசாகச் செய்வதற்கு என்கிறார்கள் தயாரிப்பாளர்கள், தண்ணீர் புகாதிருக்க என்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற வழி இருக்கவேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்துள்ளன. திருப்பிக் கொடுக்க முதலில் அது நம் கைக்கு வரவேண்டுமே. நான்கு திருகாணியும், யாரும் கழற்றக்கூடிய ஒரு மூடியும் போதும். எழுபது வயது அம்மா உப்பிய பேட்டரியைத் தானே பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்.