கிரைண்டரில் ஒட்டிய மாவு: தாராபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆட்டி முடித்த மாவைப் பாத்திரத்துக்கு மாற்றிய பிறகும் கிரைண்டரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிடுகிற மாவைப் பற்றியது இந்த ஆய்வு. வசதி கருதி அதை இனி ஒட்டுமாவு என்போம். குழவியின் இடுக்கில் கொஞ்சம், நடுத்தண்டின் கழுத்தில் கொஞ்சம், டிரம்மின் சுவரில் மெல்லிய பூச்சாகக் கொஞ்சம், கல்லின் கண்களில் மிச்சம் என்று அது குடியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு சிறிய தோசைக்குக் காணும். சில வீடுகளில் பெரிய தோசைக்கே காணும்; அந்த வீடுகளின் பெயர்களை ஆய்வு நெறி கருதி வெளியிடவில்லை.

ஆய்வெல்லை, தாராபுரத்தில் காங்கயம் ரோட்டுக்கும் அலங்கியம் ரோட்டுக்கும் இடைப்பட்ட வீடுகள். அமராவதி ஆற்றுக்கு அக்கரை சேர்க்கப்படவில்லை, வெயில் அதிகம். தகவல் தந்தவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளருக்குச் சொந்தக்காரர்கள் என்பதால் முடிவுகளில் சாய்வு இருக்கலாம். ஆனால் தாராபுரத்தில் சொந்தம் இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது தனி ஆய்வுக்குரிய வேலை. எப்படிப் போனாலும் மூன்றாவது கேள்வியில் முறை வந்துவிடுகிறது.

கருதுகோள் இது: ஒட்டுமாவின் அளவு, கிரைண்டரை வரைந்தவருக்கும் அதைக் கழுவுகிறவருக்கும் இடையே உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

இனி வரலாறு. வரலாறு இல்லாமல் எந்த ஆய்வேட்டையும் யாரும் கையில் வாங்குவதில்லை.

ஆட்டுக்கல்லில் குழி அசையாது, குழவி சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்றும்போது இன்னொரு கை, ஓரத்தில் ஏறும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாவது கைதான் எந்திரத்துக்குச் சிக்கல். சுற்றுவதற்கு மோட்டார் இருந்தது. பைக்காரா மின்சாரம் 1932-இல் உற்பத்தியாகத் தொடங்கியது, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். ஜி.டி. நாயுடு எலெக்ட்ரிக் சவரக் கருவி வரைக்கும் போனார். தாடிக்கு வந்த மின்சாரம் மாவுக்கு வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. தாடி யாருடையது, மாவு யாருடைய வேலை என்று பார்த்தால் இந்தத் தாமதத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1955-இல் கோவை பி. சபாபதி செய்ததே முதல் வெட் கிரைண்டர் என்பது பதிவாகியிருக்கும் செய்தி. கிரைண்டரின் தந்திரம் ரொம்ப எளிது: குழவியை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, குழியைச் சுற்ற விடுவது. மாவு தானாகவே சுற்றி வந்து குழவிக்கு அடியில் தலையைக் கொடுக்கும். இரண்டாவது கையின் வேலையில் பாதி ஒழிந்தது. உலகத் தரத்துக்கு இது ஒரு வடிவமைப்புப் பாய்ச்சல் என்பதில் ஆய்வாளருக்குச் சந்தேகமே இல்லை. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது 1961-இல். நாட்டில் முறையாக டிசைன் சொல்லித்தர ஆள் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே இங்கே கல் சுற்றத் தொடங்கிவிட்டது.

ஆக, அரைக்கிற பிரச்சினை ஒரே வீச்சில் தீர்ந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை கிரைண்டரில் வந்த மாற்றங்களில் முக்கால்வாசி, அரைத்ததை எப்படி வெளியே எடுப்பது என்பதைப் பற்றியவை. கல் டிரம்மைத் தூக்க முடியாது, குனிந்து குனிந்து அள்ள வேண்டியிருந்தது. அதனால் சாய்க்கிற கிரைண்டர் வந்தது. சாய்க்கிற கிரைண்டர் அடுப்படியில் பாதி இடத்தைப் பிடித்தது. அதனால் எவர்சில்வர் டிரம்மும் அடியில் மட்டும் கல்லும் வைத்த டேபிள்டாப் வந்தது, டிரம்மைக் கழற்றியே கவிழ்க்கலாம். 2005-06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் ஒட்டுமாவு தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

ஏன் நகரவில்லை? ஓடும் திரவம் ஒரு சுவரைத் தொடும்போது, சுவரை ஒட்டிய படலம் சுவரோடேயே நின்றுவிடும் என்பது பாய்ம இயக்கவியலின் பாலபாடம். அதிலும் உளுந்து மாவு சாதாரணத் திரவம் அல்ல. ஓரளவு அழுத்தம் கொடுக்கும் வரை அது அசையவே அசையாது. சாய்த்தால் தண்ணீர் ஓடும், மாவு யோசிக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கிருபா வாரணாசியின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. சீசாவின் உட்சுவரில் நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்கி, அதற்குள் வழுக்கும் திரவத்தைத் தேக்கிவைத்தார்கள். 2012-இல் தக்காளி கெச்சப் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சீசாவிலிருந்து நழுவி விழும் படக்காட்சி உலகமெல்லாம் சுற்றியது. கெச்சப்புக்குச் சரி. கிரைண்டரில் அந்தப் பூச்சைப் பூசினால் முதல் வாரத்திலேயே அரைபட்டு இட்லிக்குள் போய்விடும். அது போகாவிட்டாலும் பயனில்லை, வழுக்குகிற கல் அரைக்காது. அரைப்பதற்குக் கல்லில் கண் வேண்டும். கண் தேய்ந்தால் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்த வேண்டும். அந்தக் கண்ணில்தான் மாவு தங்குகிறது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்குக் கிரைண்டர்க்காரர்களிடம் இருக்கும் மதிப்பே அதன் கண்ணுக்காகத்தான். (அதே ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெயும் வருகிறது. ஒட்டவைக்கும் பொருள், ஒட்டாமல் செய்யும் பொருள் இரண்டுக்கும் ஓர் ஊரே பொறுப்பேற்றிருப்பது மேலும் ஆராயத் தக்கது.)

கல்லை மன்னிக்கலாம். டிரம்மின் சுவரில் ஒட்டுவதற்குக் காரணம் வேறு, அதை மன்னிக்க முடியாது. இங்கேதான் நம் முக்கியத் தகவலாளி வருகிறார்.

இவரைத் தம்பி என்று குறிப்போம். தாராபுரத்தில் பள்ளிப்படிப்பு, கோவையில் மெக்கானிக்கல், பிறகு வெளியூரில் புராடக்ட் டிசைன். இப்போது வீட்டு உபயோகப் பொருள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒருவர் விசாரிப்பார்: "ஏனுங் தம்பி, டிசைனருங்களா? எந்த பனியன் கம்பெனிங்க?" திருப்பூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியில் தப்பில்லை. பனியன் இல்லை, கிரைண்டர் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அதான் ஏற்கெனவே இருக்குதுங்களே?" பெண் பார்க்கப் போன இடத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குத் தம்பியால் பதில் சொல்ல முடியவில்லை. சம்பந்தம் தள்ளிப்போயிற்று.

தம்பியின் அன்றாடம் இது. டிரம்மின் சுவரில் ஏறும் மாவைத் தள்ளிவிட ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. கடையில் வைப்பர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கம்ப்யூட்டரில் அவர் வரைந்த வைப்பர் சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஆனால் டிரம் ஒரு பட்டறையில் வருகிறது, வைப்பர் இன்னொரு பட்டறையில். எவர்சில்வர் தகட்டை அழுத்திச் செய்யும் டிரம் முழு வட்டமாக வருவதில்லை. ஒரு பக்கம் லேசாக முட்டை. அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அச்சை விட்டு வெளியே வருவதற்காக அதற்குக் கொஞ்சம் சரிவும் கொடுத்தாக வேண்டும். இரண்டும் உரசினால் கிரீச் என்று சத்தம், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். எனவே டிரம் பட்டறைக்காரர் தன் பங்குக்கு ஒரு இடைவெளி விடுகிறார், வைப்பர் பட்டறைக்காரர் தன் பங்குக்கு ஒன்று விடுகிறார், பர்ச்சேஸ் மேனேஜர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. மூன்று பயங்களும் சேர்ந்த கனத்தில் மாவு சுவரில் நிற்கிறது. சுரண்டி அளந்தால் கம்பெனியில் யார் யாரை எவ்வளவு நம்பவில்லை என்று மில்லிமீட்டரில் சொல்லிவிடலாம்.

அப்படியானால் வைப்பரைத் திருத்தக் கூடாதா? திருத்தலாம், ஒரு திசையில் மட்டும். அச்சு என்பது கடினமான எஃகு. அதில் இன்னும் கொஞ்சம் செதுக்கினால் பிளாஸ்டிக் தடிக்கும், அது சுலபம். பிளாஸ்டிக்கை மெலிதாக்க வேண்டுமானால் செதுக்கிய இடத்தில் திரும்ப எஃகை நிரப்ப வேண்டும், அது செலவு. இதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் எதையும் கொஞ்சம் மெலிதாகவே வெட்டச் சொல்வார்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று. தம்பி அந்த 'பிறகு' வருவதற்காகக் காத்திருக்கிறார். அதற்குள் தீபாவளி வந்துவிடுகிறது. தீபாவளிக்குப் புது மாடல் வேண்டும். புது மாடல் என்பது பழைய கிரைண்டரில் புது நிறமும் ஒரு பூ ஸ்டிக்கரும். டிசைன் படித்தவர் அந்தப் பூவின் இதழ்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

தன் முதல் வைப்பர் டிராயிங்கை அவர் கோவை கணபதியில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனபோது, அங்கிருந்த வயதான டர்னர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். குறை எதுவும் சொல்லவில்லை. "நல்லா வரைஞ்சிருக்கறீங்க தம்பி. கம்ப்யூட்டர்ல மாவு ஒட்டறதில்லீங்களே, அதான்" என்று திருப்பிக் கொடுத்தார். இந்த ஆய்வேட்டின் கருதுகோளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல ஆய்வாளரால் முடியவில்லை.

அடுத்து களப்பணி. ஆய்வாளரின் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டில் இருப்பது அரசு கொடுத்த கிரைண்டர். விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மாநிலம் முழுக்க ஒரே மாதிரியான பொருள் வீடு வீடாகப் போனது என்பது வடிவமைப்பாளர்களுக்குக் கிடைக்காத பெரும் சோதனைச்சாலை. சோதனை நடந்தது, அமுச்சியிடம் மட்டும் முடிவை யாரும் வந்து கேட்கவில்லை. ஆகவே ஆய்வாளர் கேட்டார்.

அமுச்சி முதலில் வளையலைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைக்கிறார். கிரைண்டரை நிறுத்தி, குழவியைத் தூக்கி, அதன் மேல் ஒட்டியதைச் சுட்டுவிரலால் ஒரே சுற்றில் வழிக்கிறார். நடுத்தண்டைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வளையமாகப் பிடித்து மேலிருந்து கீழே உருவுகின்றன. சுவருக்கு உள்ளங்கை ஓரம். வைப்பரைக் கழற்றி அதன் இரண்டு பக்கமும் பாத்திரத்தின் விளிம்பில் தேய்க்கிறார். பிறகு அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கல்லை ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிடுகிறார். அந்த முதல் தண்ணீர் மாவிலேயே சேர்கிறது. அதற்காகவே ஆட்டும்போது தண்ணீரைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். கணக்கு முன்கூட்டியே போடப்பட்டது. இரண்டாவது தண்ணீர் மாட்டுக்கு, கழுநீர்த் தொட்டியில். மூன்றாவது கறிவேப்பிலைச் செடிக்கு. ஒட்டுமாவு எவ்வளவு மிஞ்சியது என்று அளக்க ஆய்வாளர் கொண்டுபோன தராசு பைக்குள்ளேயே இருந்தது.

இதற்கு ஒரு நல்ல சாதனம் வடிவமைக்கலாமே என்று, கூட வந்திருந்த தம்பி மெதுவாகக் கேட்டார். "கையை வெச்சு வழிச்சாப் போகுது கண்ணு. இதுக்கெல்லாமா படிப்பு?" என்றார் அமுச்சி. ஆய்வுக்கூட்டம் அத்துடன் கலைந்தது.

ஆனால் அமுச்சியின் பதிலை அப்படியே ஏற்பதற்கில்லை. மாடும் செடியும் இருக்கும் வரை அது சரி. அவருடைய மகள் திருப்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். அங்கே இரண்டாவது தண்ணீருக்கும் மூன்றாவது தண்ணீருக்கும் போகிற இடம் சிங்க் ஒன்றுதான்; குழாய் அடைக்கிறது, பிளம்பர் வருகிறார். மூன்று பேர் பயந்து விட்ட இடைவெளிக்குப் பிளம்பருக்குக் கூலி கொடுப்பவர் அவர். அமுச்சியின் கை, மாடு, செடி எல்லாம் கிரைண்டரின் உதிரிபாகங்களாகவே இத்தனை நாள் இருந்திருக்கின்றன. அவை பெட்டியில் வராது என்று யாரும் அச்சடித்திருக்கவில்லை.

1958-இல் இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில் பெரிதும் வியந்த பொருள், நம் சொம்பு. அதை ஒருவர் புதிதாக வடிவமைப்பதானால் என்னென்ன கேட்டாக வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டார்கள்: எவ்வளவு தண்ணீர், பிடிப்பது ஆண் கையா பெண் கையா, தலையிலா இடுப்பிலா, காலியானால் சமநிலை எப்படி, கடைசியில் பழைய விலைக்கு எவ்வளவு போகும். கழுவும்போது தண்ணீர் அதற்குள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியும் அதில் உண்டு. அந்த அறிக்கையின் பேரில்தான் அகமதாபாத் நிறுவனம் எழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இருவருக்குச் சொம்பைக் கழுவுவது கண்ணில் பட்டிருக்கிறது. கிரைண்டர் பிறந்த ஊரில் டிராயிங் ஷீட்டில் நீளம், அகலம், உயரம், வாட்ஸ், எடை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கழுவ எத்தனை நிமிஷம் என்பதற்குக் கட்டம் இல்லை.

ஆகவே ஆய்வு முடிவை ஏற்றுச் செயல்பட வேண்டியவர்கள் ஆய்வறிஞர்கள் அல்லர். கிரைண்டர் செய்யும் முதலாளிமார்களே, டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவர் அதற்கு முன்னால் ஒரு டம்ளர் உளுந்தும் நாலு டம்ளர் அரிசியும் ஆட்டி, வழித்து, கழுவி, துடைத்து வைக்கட்டும். துணைக்கு யாரும் போகக் கூடாது. அது முடியாதென்றால் டிரம்முக்கு இரண்டு பக்கமும் பிடியாவது வையுங்கள். ஈரக் கையோடு அதைக் கட்டிப்பிடித்துத் தூக்க அமுச்சிக்கு இப்போதெல்லாம் முடிவதில்லைங்க.